மேதகு ஆளுநரின் ஞாயிற்றுக்கிழமைகள்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பதினொரு மணி முதல் நான் மேதகு. அதுவரை லெப்டினன்ட் ஜெனரல் ஏகாம்பரம், ஓய்வு.

போன மாதம் இதே நேரம் குன்னூர் வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். டெல்லியிலிருந்து அழைப்பு. மலை மாநிலம் ஒன்றுக்கு ஆளுநராகப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். பிரித்த மோட்டாரைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். உடனே சம்மதம் என்றேன்.

பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் மாநிலத் தலைமை நீதிபதி. பெயர் மங்கையர்க்கரசி. மதுரைக்காரர் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அணிவகுப்புக்குக் கட்டளை கொடுக்கிற வேகத்தில் நான் உறுதிமொழியை வாசித்துக்கொண்டே போக, அவர் உதடு அசையாமல் சொன்னார்: "மெதுவா சார். யாரும் அங்கிட்டு ஓடிறப் போறதில்ல."

இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பனிமலைக்கு நடுவில், தமிழ்! சிரித்துவிட்டேன். நாளைய பேப்பரில் புது ஆளுநர் பல் தெரியச் சிரித்தபடி அரசியல் சாசனத்தின் மீது சத்தியம் செய்யும் படம் வரும்.

தேநீர் விருந்தில் அவரிடம், "இன்னா மேடம், முன்னாடியே தமிழ்ல பேசியிருக்கலாமே" என்றேன். வேலூர் மாவட்டத்தை விட்டு வந்து நாற்பது வருஷம். எங்கள் கணியம்பாடித் தெருவின் 'இன்னா' எங்கிருந்து வந்து குதித்தது என்று தெரியவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளிக் கோடுகள் ஓடிய கூந்தல், பச்சைப் பட்டுப்புடவை. இதைக் குறித்துவைக்கக் காரணம், நிகழ்ச்சியில் நீதிபதிகளுக்கு அங்கி கட்டாயமா என்று செயலாளரிடம் கேட்க வேண்டும் என்பதுதான்.

மார்ச் 5, புதன்

ராஜ்பவனில் கதவைத் திறக்க ஒருவர், மூட ஒருவர். எனக்கு நடுவில் நடப்பது மட்டும்தான் வேலை. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தூக்கம் முழுசாகத் தெளிந்துவிடுகிறது.

மனைவி கற்பகத்தின் படத்தை எழுத்து மேசையில் வைத்தேன். இருந்திருந்தால் இந்த மெரூன் திரைச்சீலைகளை முதல் நாளே கழற்றியிருப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ராஜ்பவன் பின்புறத்தில் கூரை போட்ட பேட்மின்டன் ஆடுகளம் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் செயலாளர் சக்சேனாவும் அவர் மனைவியும் ஆடுவார்கள். மூன்றாவது ஆள் தலைமை நீதிபதி. பழைய ஆளுநர் காலத்திலிருந்தே வருகிறாராம். நாலாவது ஆளாக என்னை அழைத்தார்கள்.

படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வாங்கியவன் நான். அதைச் சொல்லிவிட்டு இறங்கியது தவறு. நீதியரசர் ஒரு பந்தை வலைக்குப் பக்கத்தில் மெல்ல இறக்கிவிடுவார், நான் பாய்ந்து ஓடிப் போய் விழுவேன். அடுத்ததைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்கோட்டில் போடுவார். முன்னும் பின்னும் என்னை ஓடவிட்டே கொன்றுவிட்டார்.

"கோப்பையை எந்த வருசம் வாங்குனீங்க?" என்று கேட்டார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"எண்பத்தெட்டு."

"அப்பச் சரி."

நல்ல ஆடுகளம். காற்றே உள்ளே வராது. உடற்பயிற்சி முக்கியம், இனி ஒவ்வொரு ஞாயிறும் ஆட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

புது ஷூ வாங்கினேன். பழையதற்கு ஒன்றும் குறையில்லை. இருந்தாலும் ஆளுநர் என்றால் ஒரு தோற்றம் வேண்டும்.

மாலையில் புனேயிலிருந்து மகள் சாருமதி வீடியோவில் வந்தாள். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அப்பா, மீசைக்கு டை அடிச்சீங்களா?"

"லைட்டு அப்படித் தெரியுதும்மா."

"லைட்டு மீசைல மட்டும் கறுப்பா விழுதா?"

ஒரு மாநிலத்தின் ஆளுநரிடம் பேசும் முறையா இது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ராஜ்பவன் டாக்டரிடம் நாடித்துடிப்பைக் காட்டினேன். சில சமயம், குறிப்பாக ஞாயிறு காலைகளில், படபடக்கிறது. இந்த ஊரின் உயரம்தான் காரணம் என்றேன். டாக்டர் என் பழைய மருத்துவ ஏட்டைப் புரட்டினார். "சியாச்சினில் இரண்டு முறை இருந்திருக்கிறீர்கள். இது அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் சார்" என்றார். இளம் டாக்டர். அனுபவம் போதாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. இவ்வளவு பெரிய ராஜ்பவனில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் நல்ல மழை. உள்ளரங்கம்தானே, ஆடினோம். போன ஞாயிறு நீதியரசர் ஊரில் இல்லை; மதுரையிலிருந்து நேற்றுத்தான் திரும்பினார், அண்ணன் மகள் கல்யாணம். எனக்கு ஒரு பொட்டலம் ஜிகர்தண்டாக் கடல்பாசி கொண்டுவந்து கொடுத்தார். சமையலறையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரே உள்ளே போய்ப் பால் காய்ச்சி, அதிகாரிகளுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார். எட்டு டிகிரிக் குளிரில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு ஜிகர்தண்டா குடித்தோம்.

அப்போது கேட்டேன், ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று. கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம், சட்டம் படிச்ச பொண்ணு எதுத்துப் பேசுமோன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதோட போயிருவாங்க" என்றார். கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னார்.

ஜோடி ஆட்டத்தில் நாங்கள் ஒரே பக்கம். முதல் முறையாக சக்சேனா தம்பதியைத் தோற்கடித்தோம். நான் பூபாளம் முணுமுணுத்துக்கொண்டு மாடி ஏறியதாக உதவியாளர் சமையலறையில் சொன்னாராம். பூபாளம் இல்லை அது, மோகனம்.

மே 17, சனி

தேர்தல் முடிவு வந்தது. முப்பத்திரண்டு இடங்களில் முதலமைச்சர் நோர்புவின் கட்சிக்குப் பதினான்கு, எதிர்க்கட்சித் தலைவர் தெண்டுப்புக்குப் பதின்மூன்று. மீதி ஐந்து பேர் சுயேச்சைகள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யாரை ஆட்சி அமைக்க அழைப்பது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும்.

மாலை நோர்பு வந்தார், ஐந்து சுயேச்சைகளும் தன் பக்கம் என்று. அரை மணி கழித்துத் தெண்டுப் வந்தார், அதே ஐந்து பேரும் தன் பக்கம் என்று. ஐந்து பேரையும் தேநீருக்கு அழைக்கச் சொன்னேன். மாநிலம் முழுக்கத் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை.

மே 18, ஞாயிறு

நீதியரசர் வந்தார், ராக்கெட் இல்லாமல்.

"ஆட வரல சார். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க யாரைக் கூப்பிட்டாலும் மத்தவரு கோர்ட்டுக்கு வருவாரு. அது முடியிற வரைக்கும் நான் இங்கிட்டு வரக்கூடாது."

"ஆமாம் மேடம். சரிதான்."

"ஃபோனும் வேண்டாம்."

"வேண்டாம்."

வாசல்வரை போய் வழியனுப்பினேன். இருவரும் கை கூப்பினோம். சட்டப்படி மிகச் சரியான முடிவு. இதில் வேறு பேச்சுக்கே இடமில்லை.

பிறகு தனியாக ஆடுகளத்துக்குப் போய்ப் பந்தைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். இறகுப்பந்து சுவரில் பட்டால் திரும்பி வராது. அப்படியே கீழே விழுந்துவிடுகிறது.

மே 20, செவ்வாய்

நேற்று மாலை டெல்லியிலிருந்து ஒரு குரல். பெயரை எழுத விரும்பவில்லை. வேலூர் வெயிலை விசாரித்தது, என் முழங்காலை விசாரித்தது. கடைசியில், "தெண்டுப்பை அழைத்தால் நல்லது என்று இங்கே ஓர் எண்ணம்" என்றது.

"எழுத்தில் அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள்.

இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். ராணுவத்தில் எனக்குப் பழக்கமான விஷயம் இது. பாலம் தாங்குமா என்று தெரியாவிட்டால் வரைபடத்தைப் பார்த்து வாதாடக் கூடாது, ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பான்மையையும் என் வரவேற்பறையில் எண்ணுவதில் அர்த்தமில்லை. சட்டமன்றத்தில் எண்ணிக்கொள்ளட்டும். அதிக இடம் வென்ற நோர்புவை அழைத்து, பத்து நாளுக்குள் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னேன்.

மே 22, வியாழன்

தெண்டுப் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார். ஆளுநரின் முடிவு செல்லாது என்று. தலைமை நீதிபதியின் அமர்வில் திங்கட்கிழமை விசாரணை.

மே 25, ஞாயிறு

ஆடவில்லை. சக்சேனாவின் மனைவி மட்டும் வந்தார். "மேடம் இல்லாமல் ஆட்டம் சப்பென்று இருக்கிறது, இல்லையா சார்?" என்றார். கவனிக்கவில்லை என்றேன்.

மே 26, திங்கள்

இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு சக்சேனா நீதிமன்றத்திலிருந்து நேராக என் அறைக்கு வந்தார். கதவைத் தானே சாத்தினார். அந்த மனிதர் தன் கையால் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"வழக்கைத் தலைமை நீதிபதி கேட்கவில்லை சார். விலகிவிட்டார்."

"ஏன்?"

"எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். தனிப்பட்ட காரணம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம், எந்த நீதிபதியும் அப்படித்தான் செய்வார். இவர் காரணத்தைச் சொன்னார். வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோர் முன்னாலும்."

"என்ன சொன்னார் சக்சேனா?"

சக்சேனா கூரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "'இந்த முடிவை எடுத்தவரை எனக்குத் தெரியும். அவர் தோற்க வேண்டாம் என்று என் மனம் விரும்புகிறது. அப்படி விரும்புகிறவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்த வழக்கைக் கேட்கக் கூடாது.' இவ்வளவுதான் சார். அடுத்த நீதிபதியின் அமர்வுக்கு அனுப்பிவிட்டு எழுந்து போய்விட்டார்."

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னார்.

"நீதிமன்ற நடைமுறை எனக்குச் சரியாகப் புரியவில்லை. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை சொல்லும்போது சக்சேனா சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முப்பத்தைந்து வருஷ நீதித்துறை வாழ்க்கையின் கடைசி நான்கு மாதத்தில், பெயருக்கு ஒரு கீறல் விழக்கூடிய இடத்தில், ஒரு பெண்மணி எழுந்து நின்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் எழுந்து நின்றவர்களுக்கு நான் பதக்கம் சிபாரிசு செய்திருக்கிறேன். இதற்கு எந்தப் பதக்கம் என்று தெரியவில்லை. ஃபோன் செய்யக் கூடாது. வழக்கு இன்னும் முடியவில்லை. செய்யக் கூடாது, செய்யவில்லை. தோட்டத்தை எத்தனை முறை சுற்றினேன் என்று காவலர்களுக்குத்தான் தெரியும்.

மே 29, வியாழன்

மாற்று நீதிபதி என் முடிவு செல்லும் என்றார். மதியமே சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு. ஐந்து சுயேச்சைகளும் ஒரே வேனில் வந்து இறங்கினார்களாம், ஏதோ வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஊறிவிட்டு, கன்னமெல்லாம் பளபளவென்று. மூன்று பேர் நோர்பு பக்கம். அவர் வென்றார்.

தெண்டுப் பத்திரிகைகளிடம், "ராஜ்பவனில் நடப்பது ஆட்சியா, ஆட்டமா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வழக்கு முடிந்தாலும் நீதியரசர் இப்போதைக்கு இங்கே ஆட வரப்போவதில்லை.

ஜூன் 30, திங்கள்

அதே டெல்லிக் குரல். முழங்காலை விசாரிக்கவில்லை. "ஐ.நா. படையில் காங்கோவில் உங்கள் பணி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வெளிநாட்டில் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது" என்றது. மங்கோலியாவுக்குத் தூதர். இரண்டு வாரத்தில் இங்கிருந்து கிளம்ப வேண்டும். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபோனை வைத்ததும் மனசில் முதலில் வந்த எண்ணம்: இனி நான் இந்த மாநிலத்தின் ஆளுநர் இல்லை. நீதியரசர் முன்னால் என் வழக்கு எதுவும் வராது. எழுந்து அறைக்குள் ஒரு சுற்று மார்ச் பண்ணினேன். உதவியாளர் உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று பொறுப்பை ஒப்படைத்தேன். இன்று காலை ஒரு கடைசி ஆட்டத்துக்கு நீதியரசரை அழைத்தேன். வந்தார். சக்சேனா தம்பதிக்குத் திடீரென்று ஜலதோஷம், இருவருக்கும் ஒரே நேரத்தில்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போடவில்லை.

"மங்கோலியால குளிரு எப்படி?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"மைனஸ் முப்பது போகும்."

"அங்க பேட்மின்டன் ஆடுறாங்களா?"

"ஆடறாங்க. விசாரிச்சுட்டேன். தூதரகத்துக்குப் பக்கத்துலயே ஓர் அரங்கம் இருக்கு. தரை மரத்தரை. வெளிச்சம் நல்லா இருக்காம். சனி ஞாயிறு நாலு மணி வரைக்கும்…"

"சார்."

"மேடம்."

"வக்கீலுங்க சுத்தி வளைச்சுப் பேசுறதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமையே போயிருச்சு. நேராக் கேளுங்க."

ஒரு படைப்பகுதியையே நடத்தியவன். வலையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"என்னைக் கல்யாணம் பண்ணிப்பீங்களா?"

"பண்ணிக்கிறேன்."

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. கோட்டில் நின்றபடியே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்: "செப்டம்பர்ல ரிட்டயர் ஆகுறேன். அதுக்கு முந்தி ஒரு நாள்கூட முடியாது. எங்க அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிறேன், உங்க மகள்ட்ட நீங்க சொல்லுங்க. எதுத்துப் பேசுவேன், அது தெரியும்ல? இப்ப பந்தைப் போடுங்க."

போட்டேன். எங்கே போட்டேன் என்று தெரியாது. ஒன்று கூரை விட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மீதியெல்லாம் வெளியே. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றேன். இவ்வளவு கேவலமாகத் தோற்றதே இல்லை. தோற்றுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தோம்.

இரவு சாருமதியை அழைத்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரை பாதியில் நின்றுவிட்டது.

"ஜட்ஜ் ஆன்ட்டிதானே?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"மார்ச்லயே மீசை சொல்லிருச்சுப்பா."

"அம்மா…" என்று நான் தொடங்கினேன். "அம்மா இருந்தா முதல்ல அந்த டையை நிறுத்தச் சொல்லிருப்பாங்க. அப்புறம் நீங்க தனியா சாப்பிடுறதைப் பாத்து அழுதிருப்பாங்க. போய்த் தூங்குங்கப்பா" என்றாள். அழுகிற குரலில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டெல்லியில் தூதர்களுக்கான பயிற்சி. எந்த நாட்டவரிடம் எந்தக் கையால் கிண்ணத்தை வாங்க வேண்டும் என்று ஒரு முழு வகுப்பு. அடுத்தது, எதையும் சொல்லாமல் அரை மணி நேரம் பேசுவது எப்படி என்பது. முதல் மதிப்பெண் எனக்கு. ஆறு மாதமாக இந்த நாட்குறிப்பில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன், உலான்பாத்தர்

அதிபரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுத்தேன். தேநீரில் உப்புப் போட்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். ராஜதந்திரம் இல்லை, இப்போது எதைக் குடித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

சட்டப்படி எங்கள் திருமண அறிவிப்பைத் தூதரகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம். தூதரகத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் நின்று படித்துவிட்டு, பிறகு என்னைப் பார்க்கிறார்கள். இன்று பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்த இந்திய மாணவி ஒருத்தி, நான்தான் மணமகன் என்று தெரியாமல், என்னிடமே, "ரொம்ப ஸ்வீட், இல்லையா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

திருமணம். நடத்தி வைத்தவர் என் இரண்டாம் செயலாளர் ரஜ்னீத் கௌர், வயது இருபத்தொன்பது. தன் மேலதிகாரியை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டிய கொடுமை.

"மணமகன் பெயர்?"

"தெரியாதா ரஜ்னீத்?"

"கேட்டே ஆக வேண்டும் சார்."

சொன்னேன்.

"தொழில்?"

அதற்குத்தான் தடுமாறினேன். சிப்பாயின் மகன். பதினெட்டு வயதில் சேர்ந்த கேடட். பனியில் நின்றேன், காங்கோக் காட்டில் நின்றேன், முப்பதாயிரம் பேருக்குக் கட்டளையிட்டேன், ஒரு மாநிலத்தின் மேதகு ஆனேன், இப்போது இங்கே. எதைச் சொல்ல? ரஜ்னீத் காத்திருந்து பார்த்துவிட்டு, "அரசுப் பணி" என்று தானே எழுதிக்கொண்டார்.

"மணமகள் தொழில்?"

"நேத்து வரைக்கும் ஓய்வு. இன்னைல இருந்து இவரை எதுத்துப் பேசுறது" என்றாள் மங்கை.

உறுதிமொழியை அவள் கணீரென்று சொன்னாள். அண்ணன் தொலைபேசித் திரையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சாருமதி நேரில் வந்திருந்தாள். கற்பகத்தின் காசுமாலையை அவளே கொண்டுவந்து மங்கையின் கழுத்தில் போட்டாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. அங்கேயே, என் தூதரக ஊழியர்கள் அத்தனை பேர் முன்னாலும், அழுதுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

துவுல் ஆறு உறைந்து கிடக்கிறது. ஊரே அதன் மேல் நடக்கிறது, குழந்தைகள் சறுக்குகிறார்கள். நான் கரையில் நின்று பனி எத்தனை அங்குலம் இருக்கும் என்று ஒரு காவலரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மங்கை பாதி ஆற்றுக்குப் போய்விட்டாள். மதுரைக்காரி, பனியை மிதிப்பதே இரண்டாவது வருஷம். அங்கிருந்து கையை ஆட்டினாள்.

"எவ்வளவு நேரம்யா விசாரிப்பீங்க? வாங்க!"

இதைக் கரையோரக் கடையில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க எழுதுகிறேன். மார்ச்சிலிருந்து எழுதாமல் விட்டதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன்: நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். மறுபடியும் கூப்பிடுகிறாள். போகிறேன்.